ஜாமீன் கிடைத்தும் சிறையில்: ஏழைகளுக்கு நீதி எந்த இடத்தில் தடைபடுகிறது?

2022 நவம்பர் 26 அன்று டெல்லியில் உச்ச நீதிமன்றம் நடத்திய அரசமைப்புச் சட்ட நாள் விழாவில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு, எழுதி வைத்திருந்த உரையை விட்டு விலகி, இந்தியில் மனத்தில் பட்டதைப் பேசினார். சிறைகளில் கிடப்பவர்கள் யார், தங்களுக்குள்ள அடிப்படை உரிமைகள் அவர்களுக்குத் தெரியுமா என்று கேட்ட அவர், வழக்குச் செலவுக்கு வீட்டில் இருப்பதையெல்லாம் விற்க நேரிடும் என்று அஞ்சிப் பல குடும்பங்கள் தங்கள் ஆளை வெளியே எடுக்கவே தயங்குகின்றன என்றார். மூன்று நாள் கழித்து உச்ச நீதிமன்றத்தின் ஓர் அமர்வு நாடு முழுவதும் உள்ள சிறை நிர்வாகங்களிடம் கணக்கு ஒன்றைக் கேட்டது. ஜாமீன் வழங்கப்பட்ட பிறகும், அதன் நிபந்தனைகளை நிறைவேற்ற முடியாமல் உள்ளேயே இருப்பவர்களின் விவரம் வேண்டும் என்பதே அது.

ஒருவரை விடுவிக்கலாம் என்று நீதிமன்றமே முடிவு செய்த பிறகும் அவர் சிறையில் இருக்கிறார் என்றால், அங்கே அவரைத் தடுத்து வைத்திருப்பது குற்றச்சாட்டின் கடுமை ஆகாது, அவருடைய வறுமைதான். பொருளாதார ஏற்றத்தாழ்வும் நீதி கிடைக்காமையும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை. ஏழைகளுக்கு வழக்கறிஞர் கிடைப்பதில்லை என்பதே நாம் வழக்கமாகச் சொல்லும் காரணம். அது பாதி உண்மை. நம் சட்டப்புத்தகங்களில் ஏழைக்குக் கொடுக்கப்பட்டுள்ள உரிமைகள் குறைவானவை அல்ல. அந்த உரிமைகளை அடையும் வழியில், ஒவ்வொரு படியிலும், சொத்தைக் காட்டச் சொல்லும் வழக்கம் மாறாமல் இருப்பதுதான் பெரிய தடை.

முதலில் அளவைப் பார்ப்போம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரப்படி, 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். அவர்களில் 4,34,302 பேர், அதாவது 75.8 விழுக்காட்டினர், விசாரணைக் கைதிகள். சட்டத்தின் பார்வையில் இவர்கள் யாரும் இன்னும் குற்றவாளிகள் அல்ல. 11,000-க்கும் மேற்பட்டோர் தீர்ப்பு இல்லாமலேயே ஐந்து ஆண்டுகளைத் தாண்டியிருந்தார்கள். கைதிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். விசாரணைக் கைதிகளில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். எந்தக் கைதிக்கு எவ்வளவு வருமானம் என்று இந்த அறிக்கை சொல்வதில்லை. படிப்பும் சாதியும் சொல்லும் செய்தியே போதுமானது.

ஜாமீன் நடைமுறை இயங்கும் விதத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் நீதித்துறை நடுவர் ஜாமீன் உத்தரவு போடும்போது பெரும்பாலும் ஒரு தொகைக்கு இரு நபர் ஜாமீன் கேட்பார். கையில் பணம் கட்டச் சொல்வது குறைவு. குற்றம் சாட்டப்பட்டவர் வாய்தாவுக்கு வராமல் போனால் அந்தத் தொகையைக் கட்டுகிறோம் என்று இரண்டு பேர் பொறுப்பேற்க வேண்டும். அந்த இருவரும் அந்தத் தொகைக்குத் தகுதியானவர்கள் என்பதற்கு ஆதாரமாக வீட்டு வரி ரசீது, குடும்ப அட்டை, ஆதார், சில நேரங்களில் தாசில்தார் தரும் சொத்து மதிப்புச் சான்றிதழ் ஆகியவற்றைக் காட்ட வேண்டும். இருவரில் ஒருவர் இரத்த உறவினராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உத்தரவுகளில் அடிக்கடி இடம்பெறுகிறது. சொந்த வீடும் சொந்தபந்தமும் உள்ளவருக்கு இவையெல்லாம் ஒரு நாள் வேலை. வாடகைக் குடிசையிலோ புறம்போக்கிலோ இருப்பவருக்கு வீட்டு வரி ரசீது எங்கிருந்து வரும்? அவருடைய உறவினர்களும் அவரைப் போலவே இருப்பார்கள். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ கட்டட வேலைக்கு வந்த தொழிலாளி என்றால், இரத்த உறவினர் ரயில் ஏறி வந்து, கூலியை இழந்து, இந்த ஊர் அலுவலகங்களில் சான்று வாங்க வேண்டும். அதற்குள் வாரங்கள் ஓடிவிடும்.

இந்தச் சிக்கலை நீதிபதிகள் அறியாதவர்கள் அல்லர். 1978-இல் மோத்தி ராம் வழக்கில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு இதையேதான் பேசியது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த கொத்தனார் ஒருவருக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்திருந்தது. கீழ் நீதிமன்றம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டதுடன், ஜாமீன் கொடுக்க வந்த அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அவரை ஏற்க மறுத்தது. ஒரு தமிழரோ மலையாளியோ கன்னடரோ பஸ்தரிலும் போர்ட் பிளேரிலும் பஹல்காமிலும் கைது செய்யப்பட்டால் அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று கேட்ட கிருஷ்ணய்யர், 1,000 ரூபாய்க்கு, ஜாமீன்தாரர் இல்லாமல் தானே பொறுப்பேற்றுத் தரும் சொந்தப் பிணைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு கொத்தனாரை விடுவிக்க உத்தரவிட்டார். அரை நூற்றாண்டை நெருங்குகிறோம். ‘உள்ளூர் ஜாமீன்தாரர்’ என்ற கேள்வி இன்னும் நீதிமன்ற வளாகங்களில் கேட்கிறது.

அடுத்த ஆண்டு, 1979 ஜனவரியில், தேசியக் காவல் ஆணையத்தின் உறுப்பினராக இருந்த கே. எஃப். ருஸ்தம்ஜி பீகார் சிறைகளின் நிலை குறித்து இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழில் எழுதினார். அதைப் படித்த வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அதுதான் ஹுசைனாரா காத்தூன் வழக்கு. குற்றம் நிரூபிக்கப்பட்டால் கிடைக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனையைவிட அதிக காலத்தை விசாரணையே இல்லாமல் சிறையில் கழித்தவர்கள் அங்கே இருந்தார்கள் என்பது அந்த வழக்கில் வெளிவந்தது. விரைவான விசாரணையும் இலவச வழக்கறிஞரும் அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது கூறு தரும் உயிர்வாழ்வு உரிமையின் பகுதிகளே என்று நீதிபதி பி. என். பகவதி அறிவித்தார். அந்தத் தீர்ப்பில் பலரும் மறந்துவிட்ட ஒரு பகுதி உண்டு. ஒருவர் ஓடிவிடுவாரா மாட்டாரா என்பதை அவருடைய சொத்து சொல்லாது. அந்த ஊரில் எத்தனை ஆண்டாக இருக்கிறார், என்ன வேலை செய்கிறார், குடும்பம் எங்கே இருக்கிறது, முன்பு ஜாமீனில் வந்து தவறாமல் ஆஜரானாரா என்பவையே சொல்லும் என்று பகவதி விளக்கினார். சொத்தைப் பார்க்காமல் ஊர்த் தொடர்புகளைப் பார்த்து ஆளை விடுவிக்கச் சொன்ன, நியூயார்க்கில் 1961-இல் தொடங்கிய மன்ஹாட்டன் ஜாமீன் திட்டத்தின் அனுபவத்தை அவர் எடுத்துக்காட்டினார். சொத்துள்ள ஜாமீன்தாரரைக் கேட்டுக்கொண்டே இருந்தால் ஏழை கடைசியில் தரகரிடமும் கூலிக்கு ஜாமீன் போடுபவரிடமும்தான் போய் நிற்பார் என்றும் எச்சரித்தார். அந்த எச்சரிக்கை எவ்வளவு சரி என்பதை எந்த நீதிமன்ற வளாகத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.

சட்ட உதவியின் கதை இதற்கு இணையாக நடந்தது. 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் 39-ஏ என்ற கூறு சேர்க்கப்பட்டு, பொருளாதாரக் குறைவால் எந்தக் குடிமகனுக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்பது அரசின் கடமையாக எழுதப்பட்டது. 1987-இல் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 12-ஆவது பிரிவு மிகத் தாராளமானது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், பேரிடராலும் சாதிக் கொடுமையாலும் பாதிக்கப்பட்டவர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று கேட்காமலேயே இலவச வழக்கறிஞர் உண்டு. மற்றவர்களுக்கு மட்டுமே வருமான வரம்பு பொருந்தும். சிறைக்குள் இருக்கும் ஒவ்வொருவரும் இந்தப் பட்டியலில் அடங்குவார். நிதி இல்லை என்று அரசு சாக்குச் சொல்ல முடியாது என்றும், நடுவர் முன் முதல்முறை கொண்டுவரப்படும்போதே இந்த உரிமை தொடங்குகிறது என்றும், பாகல்பூரில் விசாரணைக் கைதிகளின் கண்களைக் குருடாக்கிய கொடுமை தொடர்பான காத்ரி வழக்கில் 1980 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு இந்த உரிமை இருப்பதை நீதிமன்றமே எடுத்துச் சொல்லவில்லை என்றால் அந்தத் தண்டனை செல்லாது என்று 1986-இல் சுக் தாஸ் வழக்கில் தீர்ப்பளித்தது.

இத்தனை உறுதியான உரிமை நடைமுறையில் ஏன் மெலிந்துபோகிறது? கொடுக்கப்படும் வழக்கறிஞருக்கு நேரமும் கூலியும் போதுமான அளவில் கொடுக்கப்படாததே முதல் காரணம் என்பது என் கருத்து. 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த அனோகிலால் வழக்கு மறக்க முடியாதது. மரண தண்டனை விதிக்கக்கூடிய வழக்கு அது. 2013 பிப்ரவரி 19 அன்று இலவச வழக்கறிஞர் நியமிக்கப்பட்டார். அன்றே குற்றச்சாட்டு வனையப்பட்டது. மார்ச் 4 அன்று தீர்ப்பு வந்து, மரண தண்டனையும் விதிக்கப்பட்டது. தன் கட்சிக்காரரிடம் உட்கார்ந்து பேசவும் ஆவணங்களைப் படிக்கவும் அந்த வழக்கறிஞருக்கு எங்கே நேரம்? உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்து புதிய விசாரணைக்கு உத்தரவிட்டது. ஆயுள் அல்லது மரண தண்டனை வரக்கூடிய வழக்குகளில் பத்தாண்டு அனுபவம் உள்ளவரையே நியமிக்க வேண்டும், தயாராவதற்குக் குறைந்தது ஏழு நாளாவது தர வேண்டும் என்றும் விதித்தது. 2022-இல் மாவட்ட அளவில் மாதச் சம்பளத்தில் முழுநேரமாக வேலை செய்யும் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் அமைப்பு கொண்டுவரப்பட்டது இந்தக் குறையைக் களையத்தான். ஒரு வழக்குக்கு இவ்வளவு என்று சொற்பத் தொகை பெற்ற பழைய முறையைவிட இது நல்லது. ஆனால் நல்ல வழக்கறிஞர் வாதாடி ஜாமீன் வாங்கித் தந்த பிறகும் வீட்டு வரி ரசீது இல்லாத உறவினர் வெளியே நின்றுகொண்டுதான் இருக்கிறார்.

அந்த இடத்தைச் சட்டமும் நீதிமன்றமும் மெல்ல மெல்லத் தொட்டிருக்கின்றன. ஜாமீனில் விடக்கூடிய சிறு குற்றங்களில், கைதான ஒரு வாரத்துக்குள் ஒருவரால் ஜாமீன் கொடுக்க முடியவில்லை என்றால் அவரை வசதியற்றவராகக் கருதிச் சொந்தப் பத்திரத்தில் விட வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த விதி சொல்கிறது. ஆனால் திருட்டு போன்ற, ஏழைகள் மீது அதிகம் சுமத்தப்படும் குற்றங்களுக்கு அந்தச் சலுகை பெரும்பாலும் பொருந்தாது. 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு இதைவிடப் பயனுள்ளது. ஜாமீன் உத்தரவை அன்றோ மறுநாளோ சிறைக் கண்காணிப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஏழு நாளில் கைதி வெளியே வரவில்லை என்றால் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் ஜாமீன் பத்திரம் தரப்படவில்லை என்றால் நீதிமன்றமே தானாக முன்வந்து நிபந்தனையைத் தளர்த்த முடியுமா என்று பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர் என்ற வற்புறுத்தலே தாமதத்துக்குக் காரணமாக இருக்கிற வழக்குகளில் அந்த நிபந்தனையை விதிக்காமல் இருக்கலாம் என்பவை அதிலுள்ள வழிகாட்டல்கள்.

அதே ஆண்டு ஒன்றிய அரசு ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டத்தை அறிவித்தது. 2023-இல் வெளியான வழிகாட்டு நெறிகளின்படி ஜாமீனுக்காக 40,000 ரூபாய் வரையும், தண்டனைக் கைதி கட்ட வேண்டிய அபராதத்துக்காக 25,000 ரூபாய் வரையும் மாவட்டக் குழு ஒப்புதல் தரலாம் என்று இருந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் நிதி பயன்படாமல் கிடக்கிறது என்று உள்துறை அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதி வலியுறுத்த வேண்டியிருந்தது. இதில் எனக்கு வியப்பில்லை. நம் நீதிமன்றங்கள் பெரும்பாலும் ஆளைத்தான் ஜாமீனாகக் கேட்கின்றன; ரொக்கத்தைக் கேட்பது குறைவு. பணம் தரும் திட்டத்தால் இரத்த உறவினரையும் சொத்துச் சான்றிதழையும் தர முடியாது. நோயை ஓரிடத்திலும் மருந்தை வேறோர் இடத்திலும் வைத்தது போலாகிவிட்டது.

சிறையில் கழியும் நாட்கள் வறுமையைத் தொடரவும் வைக்கின்றன. தினக்கூலி நின்றுவிடுகிறது, வட்டிக்குக் கடன் வாங்கப்படுகிறது, பிள்ளைகளின் படிப்பு நிற்கிறது. சிறு வழக்குகளில் மாட்டியவர்களில் சிலர், வழக்கை நடத்துவதைவிடக் குற்றத்தை ஒப்புக்கொண்டு இருந்த நாட்களையே தண்டனையாகக் கழித்துக்கொண்டு வெளியேறுவது மேல் என்று முடிவு செய்கிறார்கள். அப்படி ஒப்புக்கொண்ட பிறகு ‘பழைய குற்றவாளி’ என்ற பெயர் ஒட்டிக்கொள்கிறது. முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாத விசாரணைக் கைதி அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்திருந்தால் அவரைப் பத்திரத்தின் பேரில் விடுவிக்க வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவு சொல்கிறது. அதற்கு முன்பு பதிவான வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. ஆனால் முன்பு ஒருமுறை குற்றத்தை ஒப்புக்கொண்டு வந்தவருக்கு அந்த மூன்றில் ஒரு பங்குச் சலுகை கிடையாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவருக்கோ இந்தப் பிரிவே உதவாது.

உரிமையியல் வழக்குகளில் தடை வேறு வடிவம் எடுக்கிறது. தக்ஷ் என்ற அமைப்பு 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, உரிமையியல் வழக்குக்காரர் ஒரு வாய்தாவுக்கு வந்துபோக சராசரியாக 497 ரூபாய் செலவிட்டார்; அந்த நாளின் வருமான இழப்பு 844 ரூபாய். அதே ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் தினக்கூலி 203 ரூபாய். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நிலத் தகராறிலோ சம்பளப் பாக்கியிலோ ஒரு கூலித் தொழிலாளியால் எத்தனை வாய்தாக்களைத் தாங்க முடியும் என்பது புரியும். எதிர்த்தரப்பில் இருக்கும் நிறுவனத்துக்கோ நிலச்சொந்தக்காரருக்கோ தாமதம் பெரும்பாலும் ஆதாயம். மக்கள் நீதிமன்றங்களில் வழக்கு ஒரே நாளில் முடிகிறது, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கிறது என்பது நிம்மதிதான். ஆனால் அங்கே எழுதப்படும் சமரசத்துக்கு மேல்முறையீடு கிடையாது. காத்திருக்க முடியாதவர் தனக்குச் சேர வேண்டியதில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துத்தான் அந்த வேகத்தைப் பெறுகிறார். விபத்து இழப்பீடு, கூலிப் பாக்கி, பணிக்கொடை போன்றவை ஏழைக் குடும்பத்தின் வாழ்நாளில் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய தொகையாக இருக்கும் என்பதை நினைத்தால், அந்தத் தள்ளுபடி எவ்வளவு பெரியது என்று விளங்கும்.

பணம் இல்லாதவர்கள் நீண்ட வழக்கில் வென்றே இல்லையா என்றால், வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று தர்மபுரி மாவட்டத்தின் அந்த மலையடிவார ஊருக்குள் சந்தனக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி வனம், காவல், வருவாய்த் துறையினர் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன, ஊர்மக்கள் குழந்தைகளோடு சிறையில் அடைக்கப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் விசாரணைக் காலத்திலேயே இறந்துபோனார்கள். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் அந்த ஊருக்கே நேரில் சென்று பார்த்து, அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டார். முப்பத்தொரு ஆண்டுகள். அந்த மக்களிடம் பணம் இருந்ததில்லை. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் வழக்கறிஞர்களும் கூடவே நின்றார்கள். அன்று அக்கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்த அ. நல்லசிவன் பெயரில் உச்ச நீதிமன்றத்துக்கும் பிறகு உயர் நீதிமன்றத்துக்கும் மனு போனது. அமைப்பாகத் திரண்டதால் சாட்சிகள் மிரட்டலுக்குப் பணியாமல் நிற்க முடிந்தது. தனியாக மாட்டிக்கொண்ட ஒரு விசாரணைக் கைதிக்கு இந்தத் துணையும் இல்லை. அதனால்தான் அவருக்கு விதி மாற வேண்டியிருக்கிறது.

மாற வேண்டிய விதி பெரியதல்ல. ஜாமீனுக்கென்று தனிச் சட்டம் இயற்றுவதை ஒன்றிய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று 2022-இல் சதேந்தர் குமார் அந்தில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படி ஒரு சட்டம் வரவில்லை. ஆனால் புதிய சன்ஹிதாவின் இரண்டாம் பிரிவு, ஜாமீன்தாரரோடு கூடிய பத்திரத்தையும் ஜாமீன்தாரர் இல்லாத சொந்தப் பத்திரத்தையும் தனித்தனியே வரையறுத்திருக்கிறது. 484-ஆவது பிரிவு தொகை மிகையாக இருக்கக் கூடாது என்கிறது. ஆகவே ஜாமீன்தாரரைக் கேட்பது பல வழக்குகளில் நடுவரின் விருப்பத்துக்கு உட்பட்டதே தவிர, கட்டாயம் அல்ல. பகவதி 1979-இல் பட்டியலிட்ட கேள்விகளை நடுவர் முதல் ரிமாண்டின்போதே கேட்டு, அதற்கான விவரங்களைச் சட்ட உதவி வழக்கறிஞர் ஒரு தாளில் எழுதித் தரும் வழக்கம் வந்தாலே, சொந்தப் பத்திரம் விதியாகவும் ஜாமீன்தாரர் விதிவிலக்காகவும் மாறும். இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை; உயர் நீதிமன்றம் தன் கீழுள்ள நீதிமன்றங்களுக்கு அனுப்பும் ஒரு சுற்றறிக்கை போதும்.

அது வரும்வரை, உத்தரவு வாங்கியும் ஆளை வெளியே எடுக்க முடியாத குடும்பங்கள் 15100 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில், ஜாமீன் உத்தரவின் நகலோடு, 2023 ஜனவரி 31-ஆம் தேதிய உச்ச நீதிமன்ற உத்தரவைக் குறிப்பிட்டு ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுக்கலாம். ஏழு நாள் கடந்திருந்தால் சிறைக் கண்காணிப்பாளரின் கடமையை நினைவூட்டியும், ஒரு மாதம் கடந்திருந்தால் ஜாமீன்தாரர் நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லியும் அந்த மனுவில் கேட்கலாம். அதற்கான வழக்கறிஞரை ஆணைக்குழுவே நியமிக்கும். அவருக்குக் குடும்பம் எந்தத் தொகையும் தர வேண்டியதில்லை.